மாப்பிள்ளை வீட்டு கஞ்சா மிட்டாய்: பாதி போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 62 வயது, நங்கநல்லூரில் இருக்கிறேன். மகள் டொரோண்டோவில். பேரனுக்கு மூன்று வயது. அடுத்த மாதம் அங்கே போய் ஆறு மாதம் தங்கப் போகிறேன். போன தடவை போயிருந்தபோது ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் ஜெல்லி மிட்டாய் இருந்தது. பேரனுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று எடுத்தேன். மகள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். கஞ்சா மிட்டாயாம்! தூக்கத்துக்காக மாப்பிள்ளை சாப்பிடுகிறாராம். அங்கே சட்டப்படி கடையிலேயே விற்கிறார்களாம். "உங்களுக்கும் முட்டி வலி, தூக்கமில்லை. பாதி போட்டுப் பாருங்கள் அத்தை, இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்கிறார். எனக்கு இருதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால், பி.பி. மாத்திரை, ராத்திரி அல்பிரஸோலம் பாதி எடுக்கிறேன். இந்த மிட்டாயைச் சாப்பிடலாமா? நல்லதென்றால் திரும்பி வரும்போது கொஞ்சம் வாங்கி வரலாமா? இன்னொரு விஷயம். என் தங்கை மகன் ஓ.எம்.ஆர். பக்கம் ரூம் எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்கள் கொடுத்த சாக்லேட்டைத் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க "செத்துப்போகப் போறேன்" என்று அலறியிருக்கிறான். போலீஸ் வருமோ என்று பயந்து தங்கை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. அது சரியா?

பதில்: அம்மா, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிட வேண்டாம். பாதியும் வேண்டாம். ஊருக்கு வாங்கி வரும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, உங்கள் கடிதத்தில் அதிகம் கவலை தந்தது இது இரண்டும் இல்லை. பேரனுக்கென்று நீங்கள் கையில் எடுத்த அந்த ஒரு மிட்டாய்தான். அதற்கு வருகிறேன்.

மாப்பிள்ளை சொல்வதில் சட்டத்தைப் பற்றிய பகுதி சரி. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கஞ்சா வாங்கலாம், பயன்படுத்தலாம். சாப்பிடும் வகைகளுக்கான விதிமுறை அதற்கு ஒரு வருஷம் கழித்து வந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் வாங்குகிறவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டில் மொத்தமாக 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக் கூடாது. போதை தருகிற பொருள் அந்த டி.எச்.சி.தான். குழந்தை திறக்க முடியாத உறை, சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலை போட்ட அடையாளம், மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, எல்லாம் கட்டாயம். இத்தனை கட்டுப்பாடு போட்டு விற்கிற பொருளை "ஒன்றும் செய்யாது" என்று சொல்வது எப்படிச் சரியாகும்? இயற்கையானது என்பதும் பதில் ஆகாது. அரளி விதையும் இயற்கையானதுதான்.

சாப்பிடும் கஞ்சாவைப் புரிந்துகொள்ள, அது உடம்புக்குள் போகும் வழியைப் பார்க்க வேண்டும். புகைத்தால் நுரையீரல் வழியாகச் சில நிமிஷத்தில் மூளைக்குப் போய்விடும். ஒரு மாதிரி இருக்கிறதென்றால் ஆள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டால் அப்படி இல்லை. குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே டி.எச்.சி.யில் ஒரு பகுதி 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அதற்கும் நல்ல போதை உண்டு, மூளைக்குள்ளும் சுலபமாக நுழைகிறது. இத்தனையும் நடந்து முடிய நேரம் பிடிக்கும். கனடா சுகாதாரத் துறை மக்களுக்குச் சொல்கிற கணக்கு இது: விளைவு தெரிய ஆரம்பிக்க அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், முழு வேகம் தெரிய நான்கு மணி நேரம் வரை, மொத்தம் 12 மணி நேரம் வரை நீடிக்கலாம், மிச்சம் மீதி 24 மணி நேரம் வரைகூட இருக்கும்.

விபத்து பெரும்பாலும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு துண்டு சாப்பிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒன்றும் தெரியவில்லை. "இது டூப்ளிகேட் போல" என்று இன்னொன்று போடுகிறார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்போது வெளியே எடுக்க வழியில்லை. வயிறு காலியா நிறைந்ததா, சாப்பாட்டில் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கே ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. டி.எச்.சி. கொழுப்பில் கரைகிற பொருள். வடக்கே கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கைப் பாலில் கலப்பதும், மேல்நாட்டில் வெண்ணெயில் காய்ச்சி பிஸ்கட் செய்வதும் அதனால்தான். வீட்டில் செய்த பண்டத்தில் இன்னொரு சிக்கல்: மருந்து சமமாகக் கலந்திருக்காது. ஒரே தட்டில் ஒரு துண்டில் பெயரளவுக்கு இருக்கும், பக்கத்துத் துண்டில் நாலு மடங்கு இருக்கும்.

சரி, இப்போது பேரன். மூன்று வயதுக் குழந்தைக்கு அது மிட்டாய். அவ்வளவுதான். ஒன்று ருசித்தால் பாக்கெட்டையே காலி செய்துவிடும். பெரியவருக்கு லேசான மயக்கம் தருகிற அளவு, பன்னிரண்டு பதிமூன்று கிலோ எடையுள்ள குழந்தையை ஐ.சி.யூ. வரை கொண்டுபோகலாம். அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தெரியாமல் கஞ்சாப் பண்டம் சாப்பிட்டதாக விஷ முறிவு மையங்களுக்கு 2017-ல் வந்த தகவல்கள் 207. 2021-ல் 3,054. பெரும்பாலும் நடந்தது குழந்தையின் சொந்த வீட்டிலேயே. கனடாவிலேயே கியூபெக் மாகாணம் கஞ்சா மிட்டாயையும் சாக்லேட்டையும் விற்க அனுமதிக்கவில்லை. அனுமதித்த மாகாணங்களில் சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறிய அளவுக்கு அங்கே ஏறவில்லை. அதனால் மகளையும் மாப்பிள்ளையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், ஆனால் கண்டிப்பாகவே பேசுங்கள். ஃபிரிட்ஜில் தின்பண்டத்தோடு அதை வைக்கக் கூடாது. வாங்கிய உறையிலேயே, பூட்டுள்ள பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குழந்தை முன்னால் சாப்பிடக் கூடாது. விருந்தாளிகள் வந்தால் அவர்கள் கைப்பையிலும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். நீங்களும் அந்த வீட்டில் எந்த மிட்டாயையும் கேட்காமல் பேரன் கையில் கொடுக்காதீர்கள்.

தப்பித்தவறி குழந்தை சாப்பிட்டுவிட்டால் என்ன தெரியும்? அளவுக்கு மீறிய தூக்கம், தள்ளாட்டம், உடம்பு துவண்டு போவது, வாந்தி, கண் சிவப்பு, சில குழந்தைகளுக்கு வலிப்பு, மூச்சு மந்தமாவது. இதெல்லாம் ஒரு மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கலாம். அதனால் "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று காத்திருக்கக் கூடாது. நம் வீடுகளில் உடனே கை போகிற சில வேலைகளைச் செய்யாதீர்கள்: தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர் புகட்டுவது. அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர் தனியாகவே விஷமாகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டொரோண்டோவில் என்றால் 911. குழந்தை விழித்து நன்றாக இருந்தாலும் கனடாவின் விஷ முறிவு உதவி எண் 1-844-764-7669-ஐ உடனே அழைக்க வேண்டும். இந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வையுங்கள். நம் ஊரில் என்றால் 108.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள், உறையையும் கையோடு கொண்டுபோங்கள். இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். காரணமே தெரியாமல் மயங்கிக் கிடக்கும் குழந்தை வந்தால் நாங்கள் மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா என்று தேட வேண்டியிருக்கும். ஸ்கேன் எடுப்போம், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்போம். "கஞ்சா மிட்டாய் சாப்பிட்டான்" என்ற ஒரு வரி, குழந்தையை அந்த வேதனையிலிருந்து காப்பாற்றும். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. மூச்சையும் நாடியையும் கண்காணித்து, தேவைப்பட்டால் மூச்சுக்கு உதவி செய்து, இறங்கும்வரை பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. நேரத்தோடு வந்த குழந்தைகள் அநேகமாக முழுசாகத் தேறிவிடுகின்றன.

இனி உங்கள் உடம்புக்கு வருவோம். வால்வு மாற்றியவர்களுக்கு அசினோகூமரால் எவ்வளவு நுணுக்கமான மருந்து என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். அதற்காகத்தானே ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை அடிக்கடி பார்க்கச் சொல்கிறோம். இந்த மருந்தைக் கல்லீரலில் உடைக்கிற நொதியும் டி.எச்.சி.யை உடைக்கிற முக்கியமான நொதியும் ஒன்றே. கஞ்சாவில் சி.பி.டி. என்று போதை தராத இன்னொரு பொருள் இருக்கிறது. அது இந்த நொதிகளின் வேலையைத் தடுக்கக் கூடியது. இதே வகையைச் சேர்ந்த வார்ஃபரின் எடுக்கிறவர்களுக்குக் கஞ்சாவாலும் சி.பி.டி.யாலும் ஐ.என்.ஆர். ஏறிப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே "போதை இல்லாத சி.பி.டி. மிட்டாய் இருக்கிறது, அதைத் தரட்டுமா" என்று யாராவது கேட்டாலும் உங்கள் பதில் வேண்டாம் என்பதே.

அதோடு அல்பிரஸோலம். ஒன்று மயக்கம் தருகிற மாத்திரை, இன்னொன்று தள்ளாட வைக்கிற மிட்டாய். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். டி.எச்.சி. நாடித் துடிப்பை ஏற்றும், படுத்து எழுந்தால் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். பழகாத வீடு, மாடிப்படி. மற்றவர்கள் விழுந்தால் தலையில் வீக்கம். அசினோகூமரால் எடுக்கிற நீங்கள் விழுந்தால் மண்டைக்குள் ரத்தக்கசிவாகலாம். இதுதான் எனக்குப் பெரிய பயம். (இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அல்பிரஸோலத்தை நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

தூக்கத்துக்குக் கஞ்சா உதவுகிறதா என்றால், முதல் சில நாள் சீக்கிரம் தூங்குவதாகப் பலர் சொல்கிறார்கள். தினமும் எடுக்க எடுக்க உடம்பு பழகி அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் தூக்கம் முன்னைவிடக் கெடும். முட்டித் தேய்மான வலிக்கு அது நல்ல மருந்து என்று சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் இல்லை. வலிக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளை இங்கேயே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு போங்கள். வலி மாத்திரை என்றால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் உங்கள் மருத்துவர் சொன்ன அளவில். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை உங்களுக்கு ஆகாது, வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கும். போன புதிதில் பத்து நாள் பகலும் இரவும் புரண்டு தூக்கம் கெடுவது சகஜம். காலை வெயிலில் நடந்தால் தானாகச் சரியாகும்.

மாப்பிள்ளை பெரியவர், அங்கே சட்டமும் இடம் தருகிறது. அவர் சாப்பிடுவதை நான் இங்கிருந்து தடுக்க முடியாது. சாப்பிடுவதென்றால் எப்படி என்று அவரிடம் சொல்லுங்கள். அனுமதி பெற்ற கடையில் வாங்கியதாக மட்டும் இருக்கட்டும். கள்ளச் சந்தையில் பிரபல மிட்டாய் உறை போலவே அச்சடித்து, நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்று போட்டு விற்கிறார்கள். 10 மில்லிகிராம் மிட்டாயை முழுசாக விழுங்குவது பழகாதவருக்கு அதிகம். அந்த நாட்டுச் சுகாதாரத் துறையே 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பிக்கத்தான் சொல்கிறது. அன்று இரவு இரண்டாவது துண்டு கிடையாது. மதுவோடு சேரக் கூடாது. மறுநாள் காலை தலை தெளிவாக இல்லையென்றால் கார் எடுக்கக் கூடாது, பேரனை டே கேரில் விடுவதற்காக இருந்தாலும் சரி. வீட்டில் ஒரு பெரியவராவது முழுத் தெளிவோடு இருக்க வேண்டும். மகள் மறுபடி கருவுற்றிருந்தாலோ பாலூட்டினாலோ அவள் தொடவே கூடாது. டி.எச்.சி. தாய்ப்பாலில் போகும். தினமும் அது இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலை மாப்பிள்ளைக்கு இருந்தால், அங்குள்ள குடும்ப மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். தங்கை பயந்தது புரிகிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தது சரியில்லை. கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்திகளைச் சென்னை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். அதில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்காது. கஞ்சா மட்டும்தான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அளவு மீறினால் இதயம் படபடக்கும், செத்துவிடுவோம் என்ற பீதி வரும், யாரோ துரத்துவதுபோல் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு, அமைதியான அறையில் வெளிச்சத்தைக் குறைத்து, நம்பிக்கையான ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து "இது இறங்கிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாலே அடங்கும். ஆனால் நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் வேகம், இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

போலீஸ் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். விஷ பாதிப்பு என்று வருகிறவர்களைப் பற்றி ஆஸ்பத்திரி காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும் நடைமுறை உண்டு. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சா உட்கொள்வதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடராமல் பாதுகாப்பு தருகிறது. சட்டச் சிக்கலை அப்புறம் ஒரு வக்கீலோடு பேசிக்கொள்ளலாம். நின்றுபோன மூச்சை அப்புறம் பேசிக்கொள்ள முடியாது.

பையனை இப்போது கவனியுங்கள். ஒரு நாள் கழிந்தும் சந்தேகம், காதில் குரல், தூக்கமின்மை, தனியாகப் பேசுவது தொடர்ந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்திருந்தால் இன்னும் அவசரம். இந்த வயதில் மூளை வளர்ந்து முடியவில்லை, கஞ்சா அந்த நோயைத் தூண்டிவிடக் கூடும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் செலவில்லாமல் பார்க்கலாம். பழக்கமாகவே ஆகிவிட்டதென்றால் அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980-களிலிருந்து இதற்கென்றே இயங்குகிறது. போனில் பேச மனநலத்துக்கு 14416, போதை மீட்புக்கு 14446. தங்கையை, பையனைத் திட்டாமல் முதலில் அவன் பேசுவதைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஏதாவது ஆனால் அவன் முதலில் போன் செய்கிற ஆள் அம்மாவாக இருக்க வேண்டும்.

வாங்கி வருவது பற்றி: கனடாவிலிருந்து கஞ்சாவை எந்த வடிவத்திலும் நாட்டை விட்டு எடுத்துப் போவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். மீனம்பாக்கத்தில் இறங்கினால் நம் சட்டப்படி அது போதைப்பொருள் இறக்குமதி. மிட்டாயில் கலந்திருக்கும் டி.எச்.சி. கொஞ்சம்தானே என்ற வாதம் உதவாது. போதைப்பொருள் கலந்த பண்டத்தின் மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. வடக்கே பாங்கு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். பூவும் காயும் சேராத தனி இலையை மத்தியச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது, அதை அந்தந்த மாநிலம் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் அதையும் தடுக்கிறது. கிளம்பும்போது மகளோ மாப்பிள்ளையோ உங்கள் பெட்டியில் ஏதாவது வைத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.

போவதற்கு முந்தைய வாரம் ஐ.என்.ஆர். பாருங்கள். ஆறு மாதத்துக்கான அசினோகூமராலை மருந்துச் சீட்டோடு கைப்பையில் எடுத்துப் போங்கள். அங்கே இதே மாத்திரை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஐ.என்.ஆர். பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாடு மாறினால் அந்த எண்ணும் மாறும்.